இந்த ஏரியா, ஏரியா?

நடுவர் அவர்களே, எதிரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அணியினரே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"சென்னையில் குடியிருக்க ஏரியா தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது வாடகையா, வசதியா, பாதுகாப்பா?" இதுதான் தலைப்பு. வாடகை அணியில் பேசிய அண்ணன், வேளச்சேரியில் உள்ளடங்கிய ஒரு தெருவில், தரைத்தளத்தில், பதினாறாயிரத்துக்கு வீடு பிடித்த கதையைச் சொன்னார். அதே வீடு மாடியில் என்றால் இருபதாயிரமாம். நாலாயிரம் மிச்சம் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? பம்பர் பரிசு விழுந்த மாதிரி. வசதி அணியில் பேசிய தங்கை, மெட்ரோ ஸ்டேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும் என்றார். சரி. அந்த நடக்கிற தூரத்தை ராத்திரி பத்து மணிக்கு நடக்க முடியுமா? டிசம்பர் மாதத்தில் நடக்க முடியுமா, இல்லை நீந்த வேண்டுமா? பாதுகாப்பு அணி கேட்பது இவ்வளவுதான்.

வீடு தேடுகிறவர்கள் புரோக்கரிடம், "இது என்ன ஏரியா?" என்று கேட்பார்கள். நான், "இந்த ஏரியா, ஏரியா?" என்று கேட்பேன். சிரிக்காதீர்கள். தி.நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர்தான். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது, வியூவுக்கு லேக்தான் இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. கணக்கில் இருப்பது சுமார் 1,247 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப் போலப் பல மடங்கு இருந்ததாம். மீதி எங்கே என்று தேட வேண்டாம். அதன் மேல்தான் பால் காய்ச்சிக் குடியேறியிருக்கிறோம்.

அண்ணனைக் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் வாடகை அணிதான். 2015இல் தாம்பரம் பக்கத்தில் முடிச்சூரில் குடியிருந்தேன். தரைத்தளம், எட்டாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ். முன்பு இருந்த வீட்டைவிட மூவாயிரம் குறைவு. ஒன்றரை வருடத்தில் ஐம்பத்து நாலாயிரம் சேர்த்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் மார்தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் என்றால் ஓனர் இல்லை, என் கணவர்.

டிசம்பர் 1 வந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருக்கெடுத்து வீடு தேடி வந்தது. கணுக்கால் அளவு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் முழங்கால். பன்னிரண்டு வயது மகளையும் மாமியாரையும் இழுத்துக்கொண்டு படியேறினோம். மாடி வீட்டு அக்கா கதவைத் திறந்து வைத்திருந்தார், அவர் ஹாலில் ஒன்பது பேர். கரண்ட் இல்லை. கீழே எங்கள் வீட்டுக்குள் எவர்சில்வர் அரிசி டிரம் மிதந்து மிதந்து சுவரில் மோதுகிறது. டங்... டங்... விடிய விடிய. மாமியார் இருட்டில் உட்கார்ந்தபடி, "இப்போ கிச்சனுக்குப் போயிடுச்சு", "திரும்ப ஹாலுக்கு வந்திடுச்சு" என்று கமென்டரி சொல்லிக்கொண்டே இருந்தார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, வண்டி எல்லாம் போச்சு. அந்த ஐம்பத்து நாலாயிரமும் ஒரே ராத்திரியில் போச்சு, அதற்கு மேலும் போச்சு.

தண்ணீர் வடிந்ததும் காலி செய்யலாம் என்றால், அட்வான்ஸ் எண்பதாயிரம் ஓனர் கையில். "அடுத்த ஆள் வரட்டும்மா, தர்றேன்" என்றார். சேற்று வாடை அடிக்கிற வீட்டுக்கு யார் வருவார்? மே மாதம் வரை அங்கேதான் இருந்தோம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்ற சட்டம் 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் அதைப் புரோக்கரிடம் சொல்லிப் பாருங்கள், "அப்போ வேற வீடு பாருங்க மேடம்" என்பார்.

இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால் வீட்டைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் தெருமுனை இஸ்திரி வண்டி. "தண்ணியே நிக்காது மேடம்" என்று புரோக்கர் சத்தியம் செய்வார். இஸ்திரி அண்ணனிடம், "மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வரும்ணே?" என்று கேட்டேன். மனிதர் வாயே திறக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார், குனிந்தார், தள்ளுவண்டிச் சக்கரத்தின் நடுக் குடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம் வாசற்படி. தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறுகிறோமா, இறங்குகிறோமா? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, கட்டும்போது மேடாக இருந்த வீடெல்லாம் இன்று குழிக்குள் கிடக்கிறது. உள்ளே போனால் பிளக் பாயின்ட். ஃப்ரிட்ஜ் பிளக் நெஞ்சு உயரத்தில் இருந்தால், ஓனர் மறைத்ததை எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

பாதுகாப்பு என்றால் மழை மட்டும் இல்லையே. என் மகளுக்கு இப்போது தரமணியில் வேலை, ஷிப்ட் முடிய ஒன்பதரை. பறக்கும் ரயில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு வீடு, வாடகை இரண்டாயிரம் குறைவு. பகலில் பார்த்தபோது எனக்கும் ஆசைதான். ராத்திரி போய்ப் பார்த்தேன். ஸ்டேஷன் கல்யாண மண்டபம் அளவு, உள்ளே நானும் ஒரு நாயும். தெருவில் மூன்று விளக்குக் கம்பம், எரிவது ஒன்று. திறந்திருக்கிற டீக்கடை ஒன்றாவது இருந்தால் யோசித்திருப்பேன், அதுவும் இல்லை. அங்கே குடிபோனால் மகள் தினமும் ஆட்டோவில்தான் வர வேண்டும். எண்பது ரூபாய், மாதம் இருபத்தைந்து நாள். அண்ணன் கணக்கில் புலி, பெருக்கிச் சொல்லட்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், நடுவர் மார்க்கைக் குறைத்தாலும் பரவாயில்லை. ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது என்று பேசுகிறோமே, அதுவே எல்லோருக்கும் கிடைக்கிற விஷயம் இல்லை. ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி அங்கிருந்து எழுப்பிப் பெரும்பாக்கத்தில் குடிவைக்கப்பட்ட குடும்பங்களை யாரும், "வாடகையா, வசதியா?" என்று கேட்கவில்லை. 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. இந்தத் தலைப்பு அவர்களைப் பற்றியது இல்லை. தேர்ந்தெடுக்க முடிகிற நம்மைப் பற்றியது.

தங்கைக்கு வருகிறேன். வசதி வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வசதி பின்னாலேயே வரும் தங்கச்சி. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது. 2015இல் மெட்ரோ தொடங்கியபோது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரைதான் ஓடியது, இன்று விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஓடுகிறது. காத்திருந்தால் ஸ்டேஷன் வரும், ஸ்கூல் வரும், சூப்பர் மார்க்கெட் வரும். எத்தனை வருஷம் காத்திருந்தாலும் பள்ளம் மட்டும் தானாக மேடாகாது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, அரை நிமிஷம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தில் ஓரமாக வரிசை கட்டிக் கார்கள் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? மேடைக்கு வருமுன் டீ குடிக்கும்போது அண்ணன் என்னிடம் ஒன்று சொன்னார். அந்த வரிசையில் மூன்றாவது கார் அவருடையதாம். காருக்கு மேடான இடம் பார்த்திருக்கிறீர்கள் அண்ணே, சந்தோஷம். அண்ணியும் பிள்ளைகளும் அன்றைக்கு ராத்திரி எங்கே இருந்தார்கள்?

நன்றி, வணக்கம்.