நிறம் போனால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையிலிருந்து வடக்கே குச்சவெளியைக் கடந்து புல்மோட்டைக்குச் சென்றவர்கள் அங்குள்ள கடற்கரை மணல் கறுத்துக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தக் கருமை, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இல்மனைற்று என்னும் கனிமத்தால் வந்தது. அதிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு நம் வீட்டுச் சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தருகிறது. அதையே நனோ அளவுத் துணிக்கைகளாக, அதாவது கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய துகள்களாக, ஆக்கினால், வெயிலின் துணையோடு நீரிலுள்ள சேதன மாசுகளை, அதாவது காபன் சேர்வைகளாலான மாசுகளை, சிதைக்கும் ஒளியூக்கியாக, ஒளி பட்டால் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளாக, ஆகிவிடுகிறது.

இப்பொருள் ஒரு குறைகடத்தி. அதன் அனற்றேசு என்னும் பளிங்கு வடிவத்தில் பட்டை இடைவெளி, அதாவது இலத்திரன் மேற்பட்டைக்குத் தாவத் தேவையான சக்தி, ஏறத்தாழ 3.2 இலத்திரன் வோல்ற்று என்பதால், சுமார் 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கழியூதா ஒளியே அதைத் தூண்டும். ஒளி பட்டதும் இலத்திரன் ஒன்று மேற்பட்டைக்குத் தாவ, அது விட்டுச்சென்ற இடத்தில் நேரேற்றமுள்ள துளை உண்டாகிறது. இரண்டும் மீண்டும் சேர்ந்துவிடுமுன் மேற்பரப்பை அடைந்துவிட்டால், துளை நீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகம் என்னும், சோடி சேராத இலத்திரனுள்ள, தாக்குதிறன் மிக்க துணிக்கையைத் தோற்றுவிக்கும். இலத்திரன் கரைந்துள்ள ஒட்சிசனைப் பற்றிக்கொள்ளும். ஐதரொட்சில் மூலிகம் ஓசோனைவிடவும் வலிய ஒட்சியேற்றி, அதாவது பிற பொருள்களிலிருந்து இலத்திரனைப் பறிப்பது. சாயமென்றும் பூச்சிகொல்லியென்றும் பேதம் பாராது தாக்கும். துணிக்கை சிறிதாக இருந்தால் இலத்திரனும் துளையும் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது, மேற்பரப்பும் பெருகுகிறது. சந்தையில் கிடைக்கும் நனோத் தூளொன்றில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 50 சதுரமீற்றர் பரப்பு உண்டு.

ஆய்வுகூடங்களில் இதை மெதிலீன் நீலம் என்னும் சாயத்தைக் கொண்டு சோதிப்பதே வழக்கம். நீலக் கரைசலில் வெண்தூளைக் கலந்து வெயிலில் வைத்துக் கலக்கினால், சற்று நேரத்தில் நீலம் வெளிறிப்போகிறது. பார்க்க அழகான காட்சிதான். ஆனால் நிறம் போனதை மட்டும் வைத்து நீர் தூய்மையாயிற்று என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சாயத்தின் ஒரு பகுதி தூளில் ஒட்டிக்கொண்டும் மறையலாம். அதனாற்றான் ஒளி படாதவாறு மூடிவைத்து முதலில் கலக்கி, ஒட்டுவது ஓய்ந்த பின்னரே வெயிலுக்கு எடுக்க வேண்டும். இந்தச் சாயம் ஊக்கியின்றித் தானாகவும் ஒளியில் ஓரளவு வெளிறும் என்பதால், தூளிடாத கரைசலொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். இவற்றுக்கும் மேலாக, நிறந்தரும் பிணைப்பு மட்டும் அறுந்து, நிறமற்ற துண்டு மூலக்கூறுகள் நீரிலேயே தங்கிவிடக்கூடும். அவற்றுட் சில மூலப்பொருளிலும் நச்சுத்தன்மை மிக்கவையாக இருத்தலும் கூடும். மாசு முழுவதும் காபனீரொட்சைட்டும் நீருமாக முடிந்ததா என்பதை, நீரில் எஞ்சிய மொத்தச் சேதனக் காபனை அளந்தே சொல்ல இயலும்.

இனி நமது நீருக்கு வருவோம். தரையை எட்டும் சூரிய ஒளியில் கழியூதா நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்குதான். கலங்கிய வாய்க்கால் நீரில் அதுவும் ஆழஞ் செல்லாது. வரண்ட வலயக் கிணறுகளில் மிகுதியாகவுள்ள இருகாபனேற்றும், கரையோரக் கிணறுகளின் குளோரைட்டும், மாசைத் தாக்கவேண்டிய மூலிகங்களைத் தாமே விழுங்கிக்கொள்ளும். நாக (துத்தநாக) ஒட்சைட்டும் நல்ல ஒளியூக்கியே, எனினும் அமில நீரில் அது கரைந்துபோகிறது. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை, வேலை முடிந்தபின் தூளை மீட்பது. அது எளிதில் அடியில் படியாது, சாதாரண வடிதாளிலும் தங்காது. ஆகவே கண்ணாடியிலோ மட்பாண்ட ஓட்டிலோ மெல்லிய படலமாகப் பதித்து, அதன் மேல் நீரை மெல்ல வழியவிடும் முறையே நமக்குப் பொருத்தமானது. பரப்புக் குறைவதால் வேகம் தணியும் என்றாலும், குடிநீரில் நனோத் துணிக்கை கலக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

புல்மோட்டை மணலிலிருந்தே இதைச் செய்யலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. செய்யலாம். ஆனால் இல்மனைற்றைப் பிரிக்கும் வழமையான முறையொன்றில் செறிந்த சல்பூரிக்கமிலம் தேவைப்படுகிறது; இரும்புச் சல்பேற்றும் அமிலக் கழிவும் பெருமளவில் மிஞ்சுகின்றன. அந்தக் கழிவை எங்கே விடுவது என்பதைத் தீர்மானித்த பின்னரே அத்தகைய தொழிற்சாலைக்கு இடம் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.