பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்வதற்கு முன்னால்

வணக்கம். மேசையில் இரண்டு லேப்டாப் தெரிகிறதா? இடது பக்கம் இருப்பது ஒன்பது வருடம் என்னோடு உழைத்தது. வலது பக்கம் இருப்பது புதிது. நடுவில் இருக்கும் கறுப்புப் பெட்டி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். பழையதில் இருந்த ஃபைல்களை நேற்று இரவே இதற்குள் எடுத்துவிட்டேன். இப்போது புதியதில் ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஓடட்டும், நாம் பேசலாம்.

இந்த வீடியோவை எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. இதற்கு முந்தைய கணினியை மாற்றியபோது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றையும் காப்பி செய்தேன். புதியதில் எல்லாமே திறந்தது. இரண்டே நாளில் பழையதை ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அப்பா எழுதிய ஒரு மெயிலைத் தேடினேன். அது மட்டும் இல்லை, அவர் எழுதிய ஒன்றுகூட இல்லை. மெயில் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து நீங்கிவிடும்படி பிஓபி முறையில் அமைத்து வைத்திருந்தேன். அதனால் அவை இருந்த ஒரே இடம் அந்த ஹார்ட் டிஸ்க்தான். அதிலும் டாக்குமென்ட்ஸில் இல்லை, ஆப்டேட்டா என்ற ஃபோல்டரில் இருந்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. அப்பா இப்போது இல்லை.

அதனால் காப்பி செய்வதைவிட, எதைக் காப்பி செய்ய வேண்டும் என்று தேடுவதற்கே அதிக நேரம் கொடுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால், உங்கள் பயனர் பெயருள்ள ஃபோல்டருக்குள் மங்கலாகத் தெரியும். பிரவுசர் புக்மார்க், ஸ்டிக்கி நோட்ஸில் எழுதியவை, பல மென்பொருள்களின் அமைப்புகள் எல்லாம் அங்கேதான். முழுவதையும் எடுத்துப் புதியதின் ஆப்டேட்டா மேல் கொட்டிவிடாதீர்கள், குழப்பம் வரும். தனியாக ஒரு பிரதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தேவையானதை மட்டும் எடுங்கள்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்களையும் பாருங்கள். மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஃபைல் இல்லை, ஷார்ட்கட். அதைக் காப்பி செய்தால் வழிகாட்டிப் பலகை மட்டும்தான் வரும், ஊர் வராது. ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் மேகப் படம் போட்ட ஃபைல்களையும் கவனியுங்கள். பெயர் தெரியும், உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும். ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற தேர்வைக் கொடுத்து, முழுதாக இறங்கிய பிறகு எடுங்கள்.

அப்புறம், தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். யூனிகோடுக்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருக்களிலோ டிஸ்கி என்ற குறியீட்டு முறைக்கான எழுத்துருக்களிலோ அடித்த கோப்புகள் உங்களிடம் இருக்கலாம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். கோப்பில் ஒரு குறையும் இல்லை, எழுத்துருதான் வரவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் இருக்கிறது. அங்கிருந்து அந்த எழுத்துருக்களை மறக்காமல் எடுத்துவையுங்கள்.

சரி, வேகம். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் விநாடிக்கு 30, 40 எம்பிதான் நடைமுறையில் வரும். 500 ஜிபி போக ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதே ஹார்ட் டிஸ்க்கை 3.0 போர்ட்டில் செருகினால் ஒன்றரை மணி நேரத்தில் முடியலாம். உள்ளே நீல நிறமாக இருப்பது பெரும்பாலும் 3.0. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் எந்த போர்ட்டாக இருந்தாலும் மெதுவாகத்தான் போகும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து எழுதி மூட வேண்டுமே.

பென் டிரைவில் ஒரு பெரிய வீடியோ மட்டும் ஏற மறுத்தால், இடம் இருக்கிறதே என்று தவிக்க வேண்டாம். ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆன டிரைவில் 4 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள ஒரு ஃபைலை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் போதும், விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் அதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

பழைய கணினி கிளம்பவே இல்லையென்றாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா என்ற அதன் இணைப்பை யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிளில் செருகிப் படிக்கலாம். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் திறக்காது. கணினி ஓடும்போதே அதை எழுதிவையுங்கள், இன்றைக்கே.

இன்னொன்று, எப்போதும் காப்பிதான், கட் வேண்டாம். பாதியில் கேபிள் அசைந்தால் எது எங்கே நின்றது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

காப்பி முடிந்துவிட்டது. இப்போது எண்ண வேண்டும். ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். ஹார்ட் டிஸ்க்கில் 84,317 ஃபைல், பழைய லேப்டாப்பில் நேற்று பார்த்ததும் இதே எண். புதியதில் 84,305. பன்னிரண்டு குறைகிறது. சைஸ் ஆன் டிஸ்க், அதாவது டிஸ்க்கில் பிடிக்கும் இடம், இரண்டு டிஸ்க்கில் வேறுபடலாம், அது இயல்பு. ஃபைல் எண்ணிக்கையும் சைஸும்தான் ஒத்துப்போக வேண்டும்.

ஏன் குறைகிறது என்று பார்க்கிறேன்... சரி, தெரிந்துவிட்டது. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் பெயர் மிக நீளம் என்று ஒரு செய்தி வந்தது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்கிப் கொடுத்திருந்தேன். ஃபோல்டர் பெயர்களையும் சேர்த்து ஒரு ஃபைலின் முழு முகவரி 260 எழுத்துக்கு மேல் போனால் எக்ஸ்ப்ளோரர் தடுமாறும். ஹார்ட் டிஸ்க்கில் அந்த எல்லைக்குள் இருந்தது. இங்கே நான் வைத்த நீளமான ஃபோல்டர் பெயருக்குள் போட்டதும் தாண்டிவிட்டது. பெயரை இரண்டே எழுத்தாக மாற்றுகிறேன். விடுபட்டதை மட்டும் மறுபடி காப்பி செய்கிறேன்.

84,317. வந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டும் என்ன தெரியுமா? அக்காவின் குழந்தை முதன்முதலாக நடந்தபோது எடுத்த படங்கள்.

பழைய லேப்டாப்பை இன்று ஃபார்மட் செய்யப் போவதில்லை. உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்காக இல்லாமல், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக இருந்தால் அழித்ததை மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். சார்ஜரோடு சேர்த்து அலமாரியில் வைக்கிறேன், நான்கு மாதம் இருக்கட்டும். போன முறை எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.