கூப்பிட்டால் வராத வெள்ளை நாய்: கிரேட் பைரனீஸ் குறித்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “என்னிடம் ஒன்றரை வயதான கிரேட் பைரனீஸ் ஆண் நாய் இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதே தவிர வருவதில்லை, இரவெல்லாம் குரைக்கிறது. இதற்குப் புத்தி மந்தமா, அல்லது நான் பழக்கிய விதத்தில் பிழையா?” இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன்.

பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் எல்லையாக நிற்கும் பைரனீஸ் மலைகளில், ஓநாய்களிடமிருந்தும் கரடிகளிடமிருந்தும் ஆடுகளைக் காப்பதற்காகப் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டு வந்த இனம் இது. மந்தையை ஓட்டும் நாய் வேறு, மந்தையைக் காக்கும் நாய் வேறு. பார்டர் கோலி போன்ற ஓட்டும் நாய், மேய்ப்பரின் ஒவ்வொரு சீழ்க்கைக்கும் வலமும் இடமுமாகத் திரும்பியாக வேண்டும். காவல் நாய்க்கோ மேய்ப்பர் உறங்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஏவுவதற்கு ஆளில்லாத இருட்டில் தானாகவே முடிவெடுக்கத் தெரிந்த நாய்தான் கிடைக்கு உதவும் என்பதால், அந்தக் குணம் தலைமுறை தலைமுறையாக இதன் இரத்தத்தில் ஊறிவிட்டது. ஆகவே உங்கள் நாய் திரும்பிப் பார்த்துவிட்டு நிற்கும்போது, நீங்கள் சொன்னது அதன் காதில் விழுந்துவிட்டது; அதைச் செய்வது அவசியந்தானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. சில நாட்களில் அந்த யோசனை முடிவதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரவுக் குரைப்பும் இதே கதைதான். ஏதாவது அரவம் கேட்டால், முதலில் படுத்த இடத்திலேயே தலையைத் தூக்கிப் பார்க்கும். பிறகு எழுந்து, அரவம் வந்த திசைக்கும் ஆடுகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு அடித்தொண்டையிலிருந்து குரைக்கும். வந்த விலங்கு அந்தக் குரலுக்கே விலகிவிட்டால் சண்டையே தேவையில்லை, விலகாதபோதுதான் பாயும். பிரான்ஸில் இந்நாயைப் ‘பத்தூ’ என்று அழைக்கிறார்கள். அங்கே மலைப்பாதைகளில் நடப்பவர்களுக்கு, மந்தையை விட்டு விலகிச் சுற்றிப் போங்கள், நாய் எதிரே வந்தால் ஓடாமல் நில்லுங்கள், மிதிவண்டியில் வந்தால் இறங்கி நடங்கள் என்று அறிவிப்புப் பலகைகளே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஆடு இல்லை. எனவே உங்களையும் குடும்பத்தையும் வாசலையுமே அது மந்தையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. குரைத்ததற்காக அதட்டினால், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே அதற்குப் படக்கூடும். அதைவிட, எழுந்து போய் அது காட்டும் பக்கத்தைப் பார்த்து, “சரி, பார்த்துவிட்டேன்” என்று அமைதியாகச் சொல்லி உள்ளே அழைத்துவருவது நல்ல பலன் தரும். இரவில் வீட்டுக்குள் படுக்க வைத்தாலே பாதிச் சத்தம் குறையும். வெளியே கூட்டிப்போகும்போது கயிற்றை அவிழ்க்காதீர்கள், வேலியையும் உயரமாக வையுங்கள். எல்லையை விரித்துக்கொண்டே போவது இவ்வினத்தின் இயல்பு. தோள் வரை 70 முதல் 80 சென்டிமீட்டர் உயரமும் பெரும்பாலும் 50 கிலோவுக்கு மேல் எடையும் வளரும் நாயை, ஓடத் தொடங்கிய பிறகு இழுத்துப் பிடிப்பது நடக்கிற காரியம் அல்ல. மனப்பக்குவம் வர இரண்டு வயதாவது ஆகும் என்பதால், இப்போது உங்களிடம் இருப்பது உடல் வளர்ந்துவிட்ட விடலைதான்.

வெயில் காலத்தில் முடியை ஒட்ட மழிக்கச் சொல்பவர்களின் பேச்சை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஈரடுக்காக வளரும் அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்தும் காக்கிறது, அதைச் சீவிவிட்டாலே போதும். கடைசியாக, பின்னங்கால்களின் உட்பக்கத்தில் முடியை விலக்கிப் பாருங்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு கூடுதல் விரல்கள் இருக்கும். இது இவ்வினத்தின் அடையாளம். அவை தரையில் படாததால் நகம் தேயாது, வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். இதுவரை அந்த நகங்களை வெட்டியதில்லை என்றால் இன்றைக்கே பாருங்கள்.