ரயிலுக்குப் பின்னால் வந்த ஊர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு மைல் தொலைவில், பாக்ஸ்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1850களின் தொடக்கத்தில் அங்கே வீடுகளோ கடைத்தெருவோ இல்லை; ஆளுயரப் புல்லும், வசந்த காலத்தில் அதனூடே தேங்கி நிற்கும் நீருமே இருந்தன. அங்கே ஊர் எழுந்ததற்கு ரயில் பாதையே காரணம்.

அது யாருக்கும் உரிமையில்லாத வெறும் நிலம் என்று எண்ணிவிடக் கூடாது. கிக்கபூ, பொடாவடோமி என்ற பூர்வகுடி மக்கள் அந்தப் பகுதியில் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தவர்கள். 1819, 1833 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் அவர்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் தள்ளப்பட்ட பின்னரே வெள்ளையர் குடியேற்றம் அங்கே பரவியது. வந்தவர்களும் ஆற்றோரத் தோப்புகளையே நாடினார்கள். விறகும், வீடு கட்ட மரமும் அங்கேதான் கிடைத்தன. திறந்த புல்வெளியின் வேர் பின்னிய மண்ணை வார்ப்பிரும்புக் கலப்பையால் உழுவது பெரும்பாடு. 1837இல் ஜான் டீர் எஃகுக் கொழு பொருத்திய கலப்பையைச் செய்தபின் உழவு எளிதாயிற்று. ஆனால் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை.

அந்த வழியைத் திறந்தது 1850ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டம். அதன்படி, 1851இல் உருவான இல்லினாய் சென்ட்ரல் ரயில் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர் கிடைத்தது. பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் பரப்புள்ள நிலத்துண்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்று நிறுவனத்துக்கு, மற்றவை அரசுக்கு. அரசு தன் பங்கின் விலையை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலரிலிருந்து இரண்டரை டாலராக உயர்த்திக்கொண்டதால், இலவசமாகக் கொடுத்தும் கருவூலத்துக்கு நட்டமில்லை என்று வாதிட முடிந்தது. 1856இல் 705 மைல் பாதை முழுமை பெற்றது. இனி நிறுவனத்துக்கு வேண்டியவர்கள் உழவர்கள்: நிலம் வாங்கவும் அவர்கள் வேண்டும், சரக்கு ஏற்றவும் அவர்களே வேண்டும். எனவே நிலத்தைத் தவணைக் கடனில் விற்றது. சுவீடன் வரை முகவர்களை அனுப்பி ஆள் திரட்டியது.

பாக்ஸ்டனின் பெயரே இந்த வணிகத்தின் எச்சம். முதலில் பிரெய்ரி சிட்டி, பிறகு பிராஸ்பெக்ட் சிட்டி என்று வழங்கிய ஊர், லண்டனில் ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்ற கண்ணாடி மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டனின் பெயரைப் பின்னர் ஏற்றுக்கொண்டது. அவர் இந்த ரயில் நிறுவனத்தின் பங்குதாரர். ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை அங்கே அமைப்பார் என்ற நம்பிக்கை இருந்தது. ஆங்கிலேயர் வரவில்லை, சுவீடன் நாட்டவர் வந்தார்கள். 1863இல் சுவீடிய லூத்தரன் திருச்சபையின் அகஸ்டானா கல்லூரி சிகாகோவிலிருந்து பாக்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. சுவீடியர் வாங்கும் ஒவ்வோர் ஏக்கருக்கும் ரயில் நிறுவனம் கல்லூரிக்குத் தரகு தரும் என்பது ஏற்பாடு. கல்வியையும் நில விற்பனையையும் இவ்வளவு வெளிப்படையாக ஒரே கயிற்றில் கட்டியது எனக்கு வியப்பளிக்கிறது. எதிர்பார்த்த அளவுக்கு ஆள் சேராததால் 1875இல் கல்லூரி ராக் ஐலண்டுக்குப் போய்விட்டது. வந்து வேரூன்றிய சுவீடியக் குடும்பங்கள் தங்கிவிட்டன.

ஊர் செழிக்க இன்னொரு தடை நீங்க வேண்டியிருந்தது. தேங்கிய நீரில் கொசு பெருகி, குளிர்காய்ச்சல் குடியேறியவர்களை வாட்டியது. நல்ல கரிசல் மண்ணோ சேறாகக் கிடந்தது. ஒருவர் வயலில் வடியும் நீர் அடுத்தவர் வயலைக் கடந்தே ஆற்றை அடையும் என்பதால், தனியொரு உழவரால் இதைத் தீர்க்க இயலாது. 1879இல் இல்லினாய் இயற்றிய வடிகால் சட்டங்கள், நில உடைமையாளர்கள் வடிகால் வட்டங்களாகக் கூடி வரி விதித்து வாய்க்கால் வெட்ட வகைசெய்தன. வயலுக்கடியில் சுட்ட களிமண் குழாய்கள் புதைக்கப்பட்டன. யாரும் வாங்கத் தயங்கிய சதுப்பு நிலங்களில் மக்காச்சோளம் விளைந்தது. அதைச் சேமித்துச் சிகாகோவுக்கு அனுப்பும் தானியக் கிடங்குகள் தண்டவாளத்தை ஒட்டியே எழுந்தன.