பனங்கையும் பவளக்கல்லும்

தம்பி தங்கைகளே,

ஏரிக்கரையில் முகாம் என்று சொல்லித்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். வந்ததிலிருந்து ஏரியைத் தேடுகிறீர்கள். சித்திரை மாதத்து ராமநாதபுரத்தில் கண்மாய் என்றால் கிரிக்கெட் மைதானம்தான்! மார்கழியில் வாருங்கள், தண்ணீர் காட்டுகிறேன்.

கோடை முகாம் என்ற வழக்கம் வேரூன்றியது வற்றாத ஏரிகளின் கரையில். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஸ்குவாம் ஏரித் தீவொன்றில், 1881இல் எர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர் சோகோருவா முகாமைத் தொடங்கினார். வசதியான வீட்டுப் பையன்கள் கோடை முழுக்க ஹோட்டல்களில் சோம்பிக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. முகாமில் வேலையாட்கள் கிடையாது. சமைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் பையன்களேதான். 1889இல் முகாம் மூடப்பட்டது, வழக்கம் பரவிவிட்டது.

அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைக்காட்டில், ராக்கெட் ஏரிக்கரையில், டியூரன்ட் என்ற ரயில் முதலாளியின் மகன் பட்டை உரிக்காத மரத்தாலும் காட்டுக் கல்லாலும் மாளிகைகள் கட்டினார். பிற்கால முகாம்கள் பலவும் அந்தச் சாயலையே எடுத்துக்கொண்டன. ஏழையின் குடிலைப் பணக்காரர் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள் என்பேன் நான்.

இப்போது தலைக்கு மேலே, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஓலைக் கொட்டகையின் கூரையைப் பாருங்கள். முதிர்ந்த பனையின் வெளிச்சுற்று மட்டுமே கறுத்து வைரம் பாய்ந்திருக்கும், நடுவெல்லாம் சோறு என்கிற மெத்தென்ற நார்ப்பகுதி. அதனால் மரத்தை நெடுக்காகப் பிளந்து, உள்ளே செதுக்கி எறிந்துவிட்டுப் பனங்கை, அதாவது கூரையைத் தாங்கும் கைமரம், எடுப்பார்கள். கட்டியிருப்பதும் பனைநார்தான். உப்புக்காற்றில் இரும்பாணி துருப்பிடித்து உதிரும், நாருக்கு அந்தத் தொல்லை இல்லை. கச்சான் காற்று மணலை வாரி உள்ளே இறைக்காமலிருக்கக் கூரையைத் தாழ இறக்கியிருக்கிறார்கள். வரும்போது நெற்றியில் இடித்துக்கொண்டவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும்.

உள்ளூர்ப் பொருள் என்றாலே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், பவளக்கல். இந்தக் கரையில் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் காலங்காலமாகக் கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பனை விதைத்தால் நம் பேரனுக்குக் கைமரம் கிடைக்கும். பவளப்பாறை அந்தக் கணக்கில் வளர்வதில்லை.

சரி, பேச்சு போதும். தெற்குப் பக்கம் ஓலை மாற்ற வேண்டும். மட்டையில் கருக்கு இருக்கும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.