பொண்டாட்டிக்கு ஹெல்ப் பண்றீங்களா தம்பி?

வணக்கம் நேயர்களே. என் பொண்ணு பொறந்து மூணாவது வாரம், அவள நெஞ்சோட கட்டிக்கிட்டு நம்ம சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். மீன் கடை அக்கா பாத்துட்டு, "வீட்ல அவங்களுக்கு ஒடம்பு முடியலயா தம்பி?"ன்னு கேட்டாங்க, இல்லக்கா, நல்லாத்தான் இருக்கா, தூங்குறான்னேன், "பரவால்லயே, பொண்டாட்டிக்கு நல்லா ஹெல்ப் பண்றீங்க"ன்னாங்க. பாசமாத்தான் சொன்னாங்க. ஆனா அந்த ஹெல்ப்ங்கற வார்த்தை பஸ்ஸுல வீடு வர்ற வரைக்கும் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. என் புள்ளய நான் தூக்குறது எப்படிங்க ஹெல்ப் ஆகும்?

விளம்பரத்தப் பாருங்க. டயப்பரா, அம்மா. சளி மருந்தா, அதுக்கும் அம்மா. அப்பா வந்தா ஆபீஸ் பேக்கோட வருவாரு, இல்லன்னா புள்ளய கையில வச்சிக்கிட்டு திருதிருன்னு முழிப்பாரு. பிரிட்டன்ல 2019 ஜூன்ல ஒரு விதி வந்துச்சு, ஆம்பளன்னா இப்படி பொம்பளன்னா அப்படின்னு கெடுதல் பண்ற மாதிரி காட்டுற விளம்பரம் கூடாதுன்னு. அதுல முதல்ல தடையான ரெண்டுல ஒண்ணு பிலடெல்பியா சீஸ் விளம்பரம். ரெண்டு அப்பாங்க சாப்பாட்டு மேல கண்ணா இருந்து, கைக்குழந்தைங்கள சாப்பாடு சுத்தி வர்ற பெல்ட்டுல விட்டுடுவாங்க. தமாஷுக்குத்தான் எடுத்தாங்களாம். ராத்திரி மூணு மணிக்கு புள்ள மூச்சு விடுதான்னு விரல வச்சுப் பாக்குற எனக்கு சிரிப்பு வரல.

நம்ம ஊர்ல சட்டம் நல்லாவே நகந்திருக்கு. அப்பாவுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குற லீவு 2013ல ஒரு வாரம், 2017ல ரெண்டு, 2025 ஏப்ரல்லேருந்து நாலு வாரம் கட்டாயம் குடுத்தாகணும். ஆனா நான் லீவு எழுதிக் குடுத்தப்ப மேலதிகாரி கேட்ட கேள்வி, "நாலு வாரம் வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?" ஒரு மால்ல டயப்பர் மாத்துற மேசைய தேடுனா அது லேடீஸ் டாய்லெட்டுக்குள்ள இருக்கு, கடைசில படிக்கட்டுல துண்ட விரிச்சு மாத்துனேன். அப்பான்னு ஒருத்தன் புள்ளயோட தனியா வருவான்னு அந்த எடத்த கட்டுனவங்களுக்குத் தோணவே இல்லயேன்னு கோவமா வந்துச்சு.

எங்கப்பா கப்பல் பட்டறையில வேல பாத்தவரு. என்எஸ்ஸுக்கு, அதான் கட்டாய ராணுவ சேவைக்கு, நான் தெக்கோங் தீவுக்குப் போற அன்னிக்கி அம்மா அழுதாங்க, அவரு கை மட்டும் குலுக்குனாரு. பாசம் இல்லாம இல்லீங்க, ஆம்பள அப்படித்தான் நிக்கணும்னு அவருக்கு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. போன வாரம் பேத்திய குளிப்பாட்டும்போது வாசல்லயே நின்னாரு, உள்ள வரல, போகவும் இல்ல. வாங்கப்பா, தலைய மட்டும் புடிங்கன்னேன். சட்டக் கைய மடிச்சிக்கிட்டு வந்து, முழங்கைய தண்ணில விட்டு சூடு பாத்துட்டு, "ஒன்ன நான் ஒரு தடவகூட குளிப்பாட்டுனது இல்லடா"ன்னாரு.