துணை அமைச்சருக்குக் கிடைக்கும் பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

லீ குவான் யூவுக்குப் பிறகு சிங்கப்பூரின் பிரதமரான மூவருமே துணை அமைச்சர் பதவியைக் கடந்து வந்தவர்கள். கோ சோக் டோங் 1976 பொதுத் தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டே நிதியமைச்சில் மூத்த துணை அமைச்சரானார். லீ சியன் லூங் 1984 டிசம்பரில் வென்ற கையோடு வர்த்தக தொழில் அமைச்சுக்கும் தற்காப்பு அமைச்சுக்கும் துணை அமைச்சரானார். லாரன்ஸ் வோங் 2011 மே மாதம் வென்றார், அதே மாதம் தற்காப்பு, கல்வி அமைச்சுகளில் துணை அமைச்சர். ஆகவே, ரிப்பன் வெட்டவும் பரிசு கொடுக்கவும் வருகிறவர் என்று துணை அமைச்சரை எண்ணிவிடக் கூடாது. நாளைய தலைவர்களை நாடு உரசிப் பார்க்கும் இடம் அது.

படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்ற உறுப்பினர், நாடாளுமன்றச் செயலாளர், மூத்த நாடாளுமன்றச் செயலாளர், துணை அமைச்சர், மூத்த துணை அமைச்சர், அதன்பின் முழு அமைச்சர். எல்லாரும் எல்லாப் படியிலும் கால் வைப்பதில்லை. அமைச்சரவையில் உட்காருபவர் முழு அமைச்சர் மட்டுமே. துணை அமைச்சர் அந்த அறைக்கு வெளியே நின்றாலும், உள்ளே எடுத்த முடிவுக்கு மக்கள் முன் பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பதவியின் கடினமே அதுதான்.

இதற்கு நல்ல உதாரணம் 1985. அந்த ஆண்டு பொருளியல் சுருங்கியபோது அமைத்த பொருளியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முழு அமைச்சர் அல்ல, பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த துணை அமைச்சர் லீ சியன் லூங். மத்திய சேம நிதிக்கு அப்போது முதலாளி 25 விழுக்காடும் ஊழியர் 25 விழுக்காடும் செலுத்தினார்கள். சம்பளச் செலவு தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது என்று கண்ட குழு, 1986 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அந்த ஏப்ரலிலேயே முதலாளியின் பங்கு 10 விழுக்காடாக இறங்கியது. மாதம் 1,000 வெள்ளி சம்பாதித்த ஊழியரின் கணக்கில் மாதந்தோறும் 150 வெள்ளி குறைவாகச் சேர்ந்தது. வீட்டுக் கடனைச் சேம நிதியிலிருந்து கட்டிவந்த குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. அப்படிப்பட்ட ஒரு யோசனையில் பெயர் பதிவதுதான் துணை அமைச்சருக்கு உண்மையான தேர்வு.

எல்லாருக்கும் இந்த வேகம் வாய்ப்பதில்லை. வழக்கறிஞர் முரளி பிள்ளை 2015இல் அல்ஜூனிட் குழுத்தொகுதியில் போட்டியிட்ட மக்கள் செயல் கட்சி அணியில் இருந்தார், அணி தோற்றது. அடுத்த ஆண்டு புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் வென்றார். சட்ட, போக்குவரத்து அமைச்சுகளின் துணை அமைச்சராக அவர் பொறுப்பேற்றது 2024இல்தான். இடையே எட்டு ஆண்டுகள் பின்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர் அவர். பதில் சொல்லும் இடத்துக்கு வருகிறவருக்கு அந்த அனுபவம் பெரிய பலம் என்பது என் எண்ணம்.

டாக்டர் பாலாஜி சதாசிவன் மூளை நரம்பு அறுவை மருத்துவர். 2001இல் அங் மோ கியோ குழுத்தொகுதி வழியாக நாடாளுமன்றம் வந்தார். சுகாதார அமைச்சில் துணை அமைச்சராகத் தொடங்கி வெளியுறவு அமைச்சில் மூத்த துணை அமைச்சர் வரை உயர்ந்தார். இடையில் உலகச் சுகாதார நிறுவன நிர்வாக வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். 2010இல் பதவியில் இருக்கும்போதே காலமானார். முழு அமைச்சர் ஆகாமலே ஒருவர் உலக அரங்கில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அவரைத்தான் சொல்வேன்.

சரி, அன்றாட வேலைக்கு வருவோம். நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் ஒன்றரை மணி. எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் பதில் தயாரித்துத் தருவார்கள், அதைப் படிப்பது சுலபம். சிக்கல் துணைக் கேள்வியில். உறுப்பினர் சட்டென்று வேறொரு கோணத்தில் கேட்பார், கோப்பில் அதற்குப் பதில் இருக்காது. அப்போது கோப்பையே மறுபடி படிப்பவர் தடுமாறுகிறார் என்று அவைக்கே தெரிந்துவிடும். அவசரத்தில் “பரிசீலிக்கிறோம்” என்று சொன்னாலோ அது அவைக் குறிப்பில் பதிவாகிவிடும். சில மாதம் கழித்து, “பரிசீலித்தது என்ன ஆயிற்று?” என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு அமைச்சுகளில் பொறுப்பு வகிப்பவருக்கு இந்தச் சுமை இரட்டிப்பு.

வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு ஒவ்வோர் அமைச்சின் செலவும் தனித்தனியே விவாதத்துக்கு வரும். ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்கும்படி உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவருவார்கள். அந்த 100 வெள்ளி யாருக்கும் தேவையில்லை, பேசுவதற்கான உரிமைச்சீட்டு அது. பதில் கிடைத்ததும் தீர்மானத்தை மீட்டுக்கொள்வார்கள். கொள்கையின் பெரிய வரைபடத்தை அமைச்சர் சொல்வார். யாருக்கு உதவித்தொகை, எந்தத் தேதியிலிருந்து, எங்கே விண்ணப்பிப்பது என்ற விவரங்கள் பெரும்பாலும் துணை அமைச்சர் பங்குக்கு வரும். நம் வீட்டுக்கு வேண்டிய செய்தி அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே, வாரம் ஒரு மாலை புளோக்கின் கீழ்த்தளத்தில் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி. 1955இல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம் அது. துணை அமைச்சர் ஆனாலும் அவர் தொகுதியின் உறுப்பினர்தான், வாடகை பாக்கிக்கும் வேலை அனுமதிக்கும் கடிதம் கேட்டு வருபவரைத் தட்டிக்கழிக்க முடியாது. அமர்வு நாள்களில் இரவு வெகுநேரம் ஆகிவிடும். 2012இல் வகுத்த சம்பளக் கட்டமைப்பு, உறுப்பினருக்கு ஆண்டுக்கு 192,500 வெள்ளியும் துணை அமைச்சருக்கு 770,000 வெள்ளியும் என்று கணக்கிட்டது. இந்த இடைவெளிக்கு ஏற்ற உழைப்பைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அமர்வின் கடைசியில் ஒத்திவைப்புத் தீர்மானம் வரும். அதற்கு மொத்தம் 30 நிமிடம்: ஓர் உறுப்பினர் 20 நிமிடம் ஒரே பிரச்சினையைப் பேசுவார், அரசாங்கத்தின் சார்பில் 10 நிமிடம் பதில். அந்தப் பதிலைத் துணை அமைச்சர் சொல்லும்போது பாருங்கள். முன்வைத்த கோரிக்கைகள் ஒவ்வொன்றையும் தொட்டாரா, எண் சொன்னாரா, மறுத்தால் காரணம் சொன்னாரா? 2021 ஜனவரியிலிருந்து அமர்வுகள் நேரலையாக வருகின்றன. அவைக் குறிப்பும் நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசம், உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைத் தட்டினால் அவர் பேசியது முழுவதும் வரும். நன்றி, வணக்கம்.